மூடுபனியில் மூன்றாவது சிரிப்பு

போன மார்கழியில் ஒரு காலை, ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பஸ்ஸில் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு நானும் என் மனைவி சரோஜாவும் போய்க்கொண்டிருந்தோம். வெளியே பனி என்றால் அப்படி ஒரு பனி. முன்னால் போகும் நெல் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. டிரைவரோ பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு, கூடவே ஸ்டியரிங்கில் தாளமும் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆனதோ தெரியாது. எழுந்து நின்று கத்திவிட்டேன்.

"பாட்டை நிறுத்துங்க! ஜன்னலையெல்லாம் தொறங்க! யாரும் பேசாதீங்க, காது குடுத்துக் கேளுங்க!"

டிரைவர் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார். நாலைந்து பேர் நிஜமாகவே ஜன்னலைத் திறந்தார்கள். குளிர்காற்று உள்ளே வந்து ஒரு குழந்தை வீறிட்டது. கண்டக்டர் ஓடிவந்தார்.

"இன்னா பெரியவரே, எதனா கழண்டு வுழுந்துச்சா?"

"இல்லிங்க. பனி."

"பனி எங்களுக்கும் தெரியுது. அதுக்கு ஏன் ஜன்னலு?"

"எதிர்ல வர்றவன் ஹாரன் அடிச்சா காதுல வுழணுமில்ல?"

சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க சொல்றேன். இது பஸ்சு. உங்க கப்பலு இல்ல."

பஸ் முழுக்கச் சிரித்தது. பின் சீட்டில் இருந்த ஒரு பையன், "ஆரணில ஏதுங்க கப்பலு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. சேத்துப்பட்டு வரும்வரை அவனுக்கும் அவன் பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு கதை சொன்னேன். இறங்கவேண்டிய ரெண்டு பேர் இறங்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. சரக்குக் கப்பல்களில் டெக் ஆளாகச் சேர்ந்து, டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவனான செராங்காக ஓய்வு பெற்றவன். ஆரணிக்காரன் கப்பலுக்குப் போனதை ஊரில் யாரும் நம்பவில்லை. கப்பலில் இருந்தவர்களும் நம்பவில்லை. எங்கள் கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அப்பா களம்பூர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். எங்கள் தெருவில் மற்ற பையன்கள் தறியில் உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். சென்னையில் மாலுமிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா ஒருவர் சொல்ல, கிளம்பிவிட்டேன். பயிற்சியில் கயிறு முடிச்சு, தீயணைப்பு, வாந்தி என்று மூன்று பாடங்கள் இருந்தன. மூன்றாவதில் நான்தான் முதல் மாணவன்.

பிறகு கப்பல்கள் மாறின, கேப்டன்கள் மாறினார்கள். நடுவில் ஒரு காலம் கப்பலே கிடைக்கவில்லை. மைத்துனர் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவையை நான் மடித்தால் லுங்கி மாதிரி இருக்கும். வாங்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். மைத்துனர் ஒன்றும் சொல்லமாட்டார், நான் மடித்ததை எடுத்து என் கண்ணெதிரேயே மறுபடியும் மடிப்பார். அந்த அவமானத்திலிருந்து என்னை மீட்டது ஒரு நிலக்கரிக் கப்பல். ஒடிசாவில் ஏற்றி எண்ணூரில் இறக்க வேண்டும், திரும்பப் போய் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கரையை ஒட்டியே போவோம். இனி எந்த ஜென்மத்திலும் புடவை மடிக்கக்கூடாது என்ற ஒரே வைராக்கியத்தோடு ஏறினேன்.

அந்தக் கப்பலின் கேப்டன் தனபால், ராயபுரத்துக்காரர். ஆள் குள்ளம், குரல் மட்டும் ரெண்டு ஆளுக்கு உண்டானது. விடிந்தால் வசவு, இருட்டினால் வசவு. வணக்கம் சொன்னால், "வணக்கம் சொல்ற மூஞ்சியப் பாரு, பேமானி" என்பார். பெயிண்ட் நன்றாக அடித்திருந்தால், "சோமாரி, இத மொதல்லியே செய்ய இன்னா கேடு?" என்பார். யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு "ஏ ஆரணி" என்று பெயர். என்னோடு வேலை செய்த காசிமேட்டு மோசஸுக்கு "ஏ குண்டா". ஒருவருக்கும் அதில் வருத்தமில்லை. அவர் வைது முடித்ததும் அன்றைய வேலை சரியாகத்தான் நடக்கிறது என்று எங்களுக்கு ஒரு நிம்மதி வரும்.

ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் அந்த மனிதர் வேறு ஆள். முதலில் ஷூவைக் கழற்றிவிடுவார். கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் வெறுங்காலோடு பூனை மாதிரி நடப்பார். குரல் தணிந்துவிடும். அதைவிடப் பயங்கரம், மரியாதை வந்துவிடும். "கொஞ்சம் வேகத்தைக் குறைங்க", "தயவுபண்ணி அந்தக் கதவை மெதுவா சாத்துங்க", "டீ வேணாங்க, ரொம்ப நன்றி." புதிதாக வந்தவர்கள், ஆகா, எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைப்பார்கள். நாங்கள் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று பார்ப்போம். கேப்டன் "ங்க" போட்டுப் பேசினால் கப்பல் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பனி விலகி முதல் "கசுமாலம்" காதில் விழும்வரை சமையல்காரர்கூட உட்காரமாட்டார்.

ஒருமுறை நல்ல வெயில் நாளில் தைரியமாக அவரிடமே காரணம் கேட்டேன். "என் தொண்டை பெருசுடா. நான் கத்திகினு இருந்தா எவனுக்கு இன்னா கேக்கும், முட்டாள்?" என்றார். அதோடு விஷயம் முடிந்தது.

பனியில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ரெண்டு நிமிடத்துக்கு ஒரு நீண்ட ஹாரன் சட்டப்படி எல்லாக் கப்பலும் அடிக்க வேண்டியது. நம் ஆள் அதோடு நிற்கமாட்டார். ஹாரன் ஓய்ந்ததும் கப்பல் முழுக்க மூச்சுக்காட்டக்கூடாது. சுத்தியல் இல்லை, ரேடியோ இல்லை, சமையலறையில் கரண்டி சத்தம் இல்லை. கப்பலின் மூக்கு நுனியில் ரெண்டு பேர் நிற்க வேண்டும், கண்ணால் பார்க்க அல்ல, காதால் கேட்க. ரேடாரில் பெரிய கப்பல் தெரியும். சின்ன ஃபைபர் படகு தெரிந்தாலும் தெரியும், அலைக்கு நடுவே ஒளிந்தாலும் ஒளியும். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. கேப்டன் அங்கே பொத்தானை அழுத்தினால் நாங்கள் விடும் மூச்சுகூட அவருக்குக் கேட்கும். அவருடைய கட்டளை ஒன்றுதான். காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்ல வேண்டும். அது என்னவாக இருக்கும் என்று நாம் யோசிக்கக்கூடாது, பெரிதா சிறிதா என்று பார்க்கக்கூடாது, வெட்கப்படக்கூடாது. ஒருமுறை மோசஸ், "சார், என் வயிறு கத்துது" என்று சொல்லி, "ரொம்ப நன்றிங்க" என்ற பதிலை வாங்கினான்.

அந்த நாள் வந்தது ஒரு தை மாதக் காலையில். நிலக்கரியை ஏற்றிக்கொண்டு தெற்கே வந்துகொண்டிருந்தோம். வடக்கு ஆந்திரக் கரை எங்கோ வலப்பக்கம் இருந்தது. விடிந்தது, ஆனால் ஒன்றும் தெரியவில்லை. என் கையை நீட்டினால் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன. தலைமயிரிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. மோசஸுக்கு ஏற்கெனவே ஜலதோஷம். ஆள் கதவகலம் இருப்பான், ஆனால் குரலும் சிரிப்பும் மட்டும் குக்கர் விசில். அந்த உடம்புக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

ஸ்பீக்கர் கரகரத்தது. "ஏழுமலைங்க, மோசஸ்ங்க, ரெண்டு பேரும் சௌக்கியமா?"

சௌக்கியமா! மோசஸ் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். "சௌக்கியம் சார்" என்றேன்.

"கொஞ்சம் உன்னிப்பா கேளுங்க. இந்தப் பக்கம் படகுங்க ஜாஸ்தி."

ஹாரன் அடித்து ஓய்ந்தது. கப்பல் மெல்ல ஊர்ந்தது. அடியில் தண்ணீர் விலகும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. அப்போதுதான் மோசஸுக்குத் தும்மல் வந்தது. ஒரு கையால் மூக்கைப் பிடித்தான், இன்னொரு கையால் கம்பியைப் பிடித்தான், ஒரு காலைத் தூக்கினான். கண் ரெண்டும் பிதுங்கின. கம்பளித் தொப்பியைக் கழற்றி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து கடைசியில் வந்தது "கீச்" என்று ஒரே ஒரு சத்தம்.

நான் பல்லைக் கடித்தேன். அடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஸ்பீக்கரில் கேப்டன் மிகுந்த அக்கறையோடு கேட்டார். "ஏழுமலைங்க, முன்னால எலி மாதிரி ஒரு சத்தம். உங்களுக்கும் கேட்டுதுங்களா?"

முடிந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். மோசஸ் கம்பியில் தொங்கினான். அவனுடைய குக்கர் விசில் திறந்துகொண்டது. வாயில் துணியை வைத்தால் மூக்கு வழியாக வருகிறது, மூக்கைப் பொத்தினால் தோள் குலுங்குகிறது. சிரிக்கக்கூடாத இடத்தில் வரும் சிரிப்பு எப்படிப்பட்டது என்று சாவு வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். வயிறு வலித்தது. கண்ணீர் வந்தது. கொஞ்சம் அடங்கும், உடனே மோசஸ் மெதுவாக "எலி" என்பான், மறுபடியும் தொடங்கும்.

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது. கேப்டனின் குரல் பூவாக இருந்தது.

"தம்பிங்களா, இருபது பேர் உசுரு உங்க காதுல இருக்குது. நீங்க சிரிச்சிகினு இருக்கீங்க. பரவால்லைங்க. எண்ணூர்ல ரெண்டு பேரும் இறங்கிக்கலாம்."

ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டியதுபோல் இருந்தது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தக் கேப்டன் வேண்டாம் என்று இறக்கிவிட்டால் வேறு எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள். மைத்துனர் கடை, பெட்டி பெட்டியாகப் புடவை, நான் மடித்ததை அவர் மறுபடி மடிப்பது, எல்லாம் கண்முன்னால் வந்தது. நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மோசஸும் நின்றான். ஹாரன் அடித்தது, ஓய்ந்தது.

அப்போது யாரோ சிரித்தார்கள்.

நான் மோசஸைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாய் மூடியிருந்தது. அவன் என் வாயைப் பார்த்தான். என் வாயும் மூடியிருந்தது. மறுபடி கேட்டது. கட்டைக்குரலில், மூச்சு வாங்க வாங்க, அடக்கப் பார்த்து முடியாமல் ஒருவன் சிரிக்கும் சிரிப்பு. அது எங்களுக்கு முன்னாலிருந்து வந்தது, கொஞ்சம் கீழேயிருந்து. முன்னால் கடல்தான் இருக்கிறது.

"பிசாசா இருக்குமா?" என்றான் மோசஸ் என் காதில்.

நான் பயந்துதான் போனேன். பிசாசுக்காக அல்ல. இதை இப்போது கேப்டனிடம் சொல்ல வேண்டும். சிரித்ததற்காக ஒரு நிமிடம் முன்புதான் வேலை போனது. இப்போது போய், முன்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று சொன்னால் மனிதர் என்ன நினைப்பார்? கேலி செய்கிறான் என்றுதான் நினைப்பார். நம்பாமல் அப்படியே ஓட்டிவிட்டால்? ஆனால் விழுந்ததை விழுந்தபடி சொல்ல வேண்டும் என்பதுதான் கட்டளை. வெட்கப்படக்கூடாது என்பதும் அதில் இருந்தது. நான் பெட்டியின் பக்கம் குனிந்தேன்.

"சார், முன்னால சிரிப்புச் சத்தம் சார். நாங்க இல்லிங்க."

பதில் வர ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆனது, ஆனால் அந்த மூச்சில் நான் ஆரணிக்குப் போய்ப் பத்துப் புடவை மடித்துவிட்டு வந்தேன்.

"எந்தப் பக்கம்ங்க?" என்றது ஸ்பீக்கர். கேள்வியில் கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை.

"நேரா சார். ஒரு கையகலம் வலது."

"எத்தினி பேரு?"

நான் காது கொடுத்துக் கேட்டேன். இப்போது ரெண்டு சிரிப்பு. "ரெண்டுக்கு மேல சார். கிட்ட வந்துட்டாங்க!"

கப்பல் இடதுபக்கம் திரும்பத் தொடங்கியதைக் காலில் உணர்ந்தேன். நிலக்கரி ஏற்றிய கப்பல் மாட்டைப்போல் இழுத்த பக்கம் உடனே வராது. யோசித்து, முனகி, பிறகுதான் திரும்பும். பனிக்குள் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. கோடு படகானது. நீல ஃபைபர் படகு, நாலு பேர். ஒருவர் கையில் அலுமினியக் குண்டான். எங்கள் கப்பலின் மூக்கு சுவர்போல் தங்கள்மேல் எழுவதைப் பார்த்ததும் அவர்கள் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. திறந்த வாய்கள் திறந்தபடியே இருந்தன.

"படகு சார்! வலப்பக்கம்! மூக்கைத் தாண்டுது... தாண்டுது... தாண்டிடுச்சு!"

நான் "தாண்டிடுச்சு" என்று சொன்ன அந்த நொடிக்குத்தான் கேப்டன் காத்திருந்தார். மூக்கு தப்பினால் மட்டும் போதாது. கப்பல் இடதுபக்கம் திரும்பினால் அதன் பின்பகுதி வலதுபக்கம் வீசி, தப்பிய படகை அடித்துவிடும். அதனால் இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுக்கானை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினார். பின்பகுதி படகை விட்டு விலகியது. படகு எங்கள் வயிற்றை ஒட்டி, ஒரு குச்சியை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், மேலும் கீழும் ஆடிக்கொண்டே பின்னால் போனது. குண்டான் வைத்திருந்தவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

கப்பல் நின்றது. கயிறு வீசி அவர்களைப் பிடித்துக்கொண்டோம். தெலுங்கு மீனவர்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் எனக்குக் கொஞ்சம் வரும். இன்ஜின் கெட்டுப்போய் ராத்திரியெல்லாம் மிதந்திருக்கிறார்கள். பனி இறங்கியதும் குண்டானைத் தட்டிக்கொண்டே இருந்தார்களாம். எங்கள் ஹாரன் எல்லாத் திசையிலிருந்தும் வருவதுபோல் கேட்கவே, எந்தப் பக்கம் பார்த்துத் தட்டுவது என்று புரியாமல் பயந்து நிறுத்திவிட்டார்கள். சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, தலைக்குமேல் வானத்திலிருந்து யாரோ குக்கர் விசில் மாதிரி சிரித்திருக்கிறார்கள்.

"சாமிதான் சிரிக்குதுன்னு நெனச்சோம். சாமிக்கு இப்படியா சிரிப்பு இருக்கும்னு எங்களுக்கும் சிரிப்பு வந்துடுச்சு" என்று குண்டான் வைத்திருந்தவர் சொன்னதை நான் மோசஸுக்குத் தமிழில் சொன்னேன். மோசஸ் அன்று முழுக்க முகம் சிவந்து திரிந்தான்.

சமையலறையிலிருந்து உப்புமாவும் டீயும் இறங்கின. குடிதண்ணீர் கொடுத்தோம். கரைக்கு ரேடியோவில் தகவல் போனது. வெயில் ஏறியதும் பனி கிழிந்து விலகி, அவர்கள் ஊர்ப் படகு ஒன்று தேடிக்கொண்டு வந்து இழுத்துப்போனது. போகும்போது நாலு பேரும் எழுந்து நின்று கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். ஒரு "எலி"யை நானும் மோசஸும் அடக்கியிருந்தால் அந்த நாலு பேர் இல்லை.

பனி போய்விட்டது. பளீரென்று வெயில். கப்பல் முழுக்க ஆட்கள் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றோம், முதல் வசவுக்காக. கேப்டன் வெளியே வந்தார். ஷூ போட்டிருந்தார். எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சமையல்காரர் என்னிடம் ஓடிவந்தார். "வெயில் அடிக்குது, இன்னும் 'ங்க' போட்டுகினு இருக்காரே. கப்பல்ல எங்கனா ஓட்டையா?"

ஓட்டை எங்கள் வேலையில்தான் என்று எனக்கும் மோசஸுக்கும் தெரியும். எண்ணூர் வரும்வரை அப்படியேதான். வணக்கம் சொன்னால் வணக்கம் சொன்னார். "மோசஸ்ங்க, ஜலதோஷம் எப்படி?" என்று விசாரித்தார். மோசஸ் ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டான். கரை நெருங்கி செல்போனில் சிக்னல் வந்ததும் சரோஜாவைக் கூப்பிட்டேன்.

"ஊட்டுக்கு வந்துடுவேன் போலக்குது."

"லீவு குடுத்துட்டாங்களா?"

"இல்ல. கேப்டன் மரியாதையா பேசறாரு."

"நல்லதுதான? அதுக்கு ஏன் அழற மாதிரி பேசறீங்க?"

"உனக்குத் தெரியாது சரோஜா. உங்க அண்ணன்கிட்ட சொல்லி வை, கடையில ஆள் வேணுமான்னு."

அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்திருப்பாள்.

எண்ணூரில் கப்பலைக் கட்டினோம். யாரும் எங்களை இறங்கு என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இறங்கிக்கலாம் என்று கேப்டன் சொன்னது சொன்னதுதானே? விழுந்ததை விழுந்தபடி எடுத்துக்கொண்டோம். பையைக் கட்டினோம். மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டோம். சமையல்காரர் ஒரு பொட்டலம் லட்டு கொடுத்தார். ஏணிப்படியில் மோசஸ் முன்னால், நான் பின்னால். கரையில் கால் வைத்தபோது நான் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தேன்.

"டேய்!"

அந்தச் சத்தத்தில் கரையில் இருந்த கிரேன்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். பிரிட்ஜின் வெளிப்பக்கத்தில் கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"டேய் கசுமாலம்! ஏ ஆரணி! ஏ குண்டா! பையத் தூக்கிகினு எங்கடா கெளம்பிட்டீங்க, பேமானிங்களா?"

மோசஸ் பையைக் கீழே போட்டுவிட்டான். எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. என் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"நீங்கதான் சார் எறங்கச் சொன்னீங்க!" என்று கத்தினேன்.

"சொன்னா எறங்கிடுவியா, சோமாரி? நாலு உசுர அடிக்கப் பாத்ததுல எனக்குத் தொண்ட இப்பத்தான்டா தொறந்துது! மேல ஏறுங்கடா! அடுத்த பனிக்கு முன்னால நின்னு சிரிக்கறதுக்கு எங்கப்பனாடா வருவான்?"